சர்வே எண் தேதியாகிவிட்டதா? சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் கெடாமல் திறப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு சின்ன கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா பிரின்ட் எடுப்பதில் ஆரம்பித்து, சிறு தேயிலை விவசாயிகளின் இலைக் கணக்கு, மகளிர் குழுவின் கடன் பட்டியல், எஸ்டேட்டுகளின் மழைக் கணக்கு வரை எல்லாம் வரும். வரும் கோப்புகளில் பாதி சிஎஸ்வி, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதைத் திறந்து கெடுத்துக்கொண்டு வருபவர்களும் கிட்டத்தட்ட பாதிப்பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் மெனு பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், சத்தம் போட்டுப் படித்தால் பிடிபடும்.

முதலில் ஒரு வரியைப் பாருங்கள். இலைக் கணக்குக் கோப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

12ஈ4,3/2,04266,1234567890123456,148.50

விவசாயி குறியீடு, சர்வே எண், எஸ்டிடி கோடு, வங்கிக் கணக்கு எண், இலை எடை. குறியீட்டில் இருக்கும் ஈ, ஆங்கில எழுத்து. இதை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் கிடைப்பது:

1.20ஈ+05 | 03-பிப் | 4266 | 1.23ஈ+15 | 148.5

ஐந்தில் நான்கு போச்சு. எடை மட்டும்தான் பிழைத்தது, அதிலும் கடைசிப் பூஜ்யத்தைக் காணோம்.

சிஎஸ்வி என்பதும் எக்செல் கோப்புதானே? எக்செல் படம்தானே போட்டிருக்கிறது?

இல்லை. கம்ப்யூட்டரில் எக்செல் இருப்பதால் அந்தப் படம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்தும் கமாவும்தான் இருக்கும். கலர் கிடையாது, ஃபார்முலா கிடையாது. முக்கியமாக, "இந்த நெடுவரிசை எண், அந்த நெடுவரிசை எழுத்து" என்று சொல்லும் குறிப்பு எதுவும் கிடையாது. சிஎஸ்வி எப்படி இருக்க வேண்டும் என்று 2005இல் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் எழுதி வைத்தது. அதுவும் கமா, மேற்கோள் குறி, வரி முடிவு பற்றித்தான் பேசுகிறது. எது எண், எது தேதி என்ற பேச்சே அதில் இல்லை.

அந்தக் குறிப்பு இல்லாததால் எக்செல் ஊகிக்கிறது. நாம் கீபோர்டில் தட்டினால் என்ன செய்யுமோ அதையே கோப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் செய்கிறது. 3/2 என்று தட்டுபவர் பிப்ரவரி 3ஐத்தான் சொல்கிறார் என்பது அதன் கணக்கு. கணக்கு எழுதுபவருக்கு அது வசதி. பட்டா எழுதுபவருக்குத்தான் வினை.

திறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. இப்போது என்ன செய்ய?

சேவ் செய்யாமல் மூடுங்கள். "சேவ் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான், மூலக் கோப்பு அப்படியே இருக்கும். மாறியது திரையில் மட்டும். சேவ் அழுத்தும் வரை ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அப்புறம், யாரிடமிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். என் மையத்தில் அந்த ஃபோல்டருக்குப் பெயர் 'தொடாதே'.

சர்வே எண்ணில் சிலது மட்டும் தேதியாகிறது, சிலது அப்படியே இருக்கிறது. ஏன்?

நீலகிரி ஆட்களுக்கு இது தலைவலிகளில் முதல் தலைவலி. சர்வே எண், சாய்கோடு, உட்பிரிவு என்று எழுதுவதுதான் நம் வழக்கம். அதில் தேதியாக மாறக் கூடியது மட்டும் மாறும். 3/2 பிப்ரவரி 3 ஆகும். 12/4 ஏப்ரல் 12 ஆகும். 112/4 தப்பிவிடும், 112ஆம் தேதி என்று ஒன்று கிடையாதே. 3/2ஏ என்று பின்னால் எழுத்து வந்தாலும் தப்பும். 10/98 மாதிரி வந்தால் 98ஐ ஆண்டு என்று எடுத்துக்கொண்டு 1998 அக்டோபர் 1 ஆக்கிவிடும்.

ஆயிரம் வரி உள்ள பட்டியலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: நெடுவரிசையை அகலமாக இழுத்து, எது வலப்பக்கம் ஒட்டியிருக்கிறது, எது இடப்பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். எக்செல் எழுத்தை இடப்பக்கமும், எண்ணையும் தேதியையும் வலப்பக்கமும் வைக்கும். சர்வே எண் நெடுவரிசையில் வலப்பக்கம் ஏதாவது நின்றால் அது மாறிப்போனது என்று அர்த்தம். நடுவில் வைக்கும் அலைன்மென்ட் கொடுத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் குட்டு வெளிப்படாது.

அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினேன். இப்போது 45691 என்று ஏதோ வருகிறதே?

கிட்டத்தட்ட எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும் நாள் கணக்கு. 2025 பிப்ரவரி 3க்கு அந்தக் கணக்கில் 45691. நீங்கள் 2025இல் கோப்பைத் திறந்ததால் 3/2 என்பது 2025 பிப்ரவரி 3 ஆனது. பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றியபோது உள்ளே இருந்த 45691 வெளியே வந்துவிட்டது. 3/2 என்ற எழுத்து அங்கே இல்லவே இல்லை, திறந்த நொடியிலேயே அது போய்விட்டது.

ஃபார்மேட்டை மாற்றுவது சட்டையை மாற்றுகிற மாதிரி, ஆளை மாற்றாது. டெக்ஸ்ட் என்று முன்கூட்டியே, கோப்பு உள்ளே வரும் போதே சொல்ல வேண்டும். (இந்த நாள் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளும் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு மென்பொருளில் இருந்த பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் அப்படியே எடுத்துக்கொண்டது. நமக்கு அதனால் பாதகமில்லை.)

வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிறது. தட்டச்சுப் பிழையா?

இல்லை. என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். 1234567890123456 என்பது 1234567890123450 ஆகிவிடும். தேதியானால் பார்த்ததும் தெரியும். பூஜ்யம் போனால் எண்ணிப் பார்த்தால் தெரியும். இது எப்படிப் பார்த்தாலும் ஒழுங்கான கணக்கு எண் போலவே இருக்கும், நீளமும் சரியாக இருக்கும்.

என் கையாலேயே ஒருமுறை நடந்தது. ஒரு ஊரின் இலைப் பணம் போட வேண்டிய பட்டியல். 1.23ஈ+15 என்று அசிங்கமாகத் தெரிகிறதே என்று நெடுவரிசையை 'நம்பர்' ஆக்கி, தசமப் புள்ளியை எடுத்து, அழகாக்கி, சேவ் செய்து அனுப்பிவிட்டேன். 11 இலக்கம், 13 இலக்கக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பணம் போய்ச் சேர்ந்தது. 16 இலக்கக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் திரும்பி வந்தது. அதிலும் ஒருவருக்குச் சரியாகப் போயிருந்தது, அவர் கணக்கு எண் இயல்பாகவே பூஜ்யத்தில் முடிந்திருக்கிறது. அந்த ஒருவரால் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஆனது. இவருடையதும் 16 இலக்கம்தானே, இது எப்படிப் போனது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் விதி: கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண் அல்ல, பெயர். கணக்கு எண், ஆதார், போன், பின்கோடு, சர்வே எண், கதவு எண், விவசாயி குறியீடு எல்லாமே பெயர்கள்தான், இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. எடை, விலை, தொகை மட்டும்தான் எண்.

கணக்கு எண்களை டெக்ஸ்டாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் 'கவுன்டிஃப்' போட்டால் இரண்டு பேருக்கு ஒரே எண் என்கிறதே?

நல்ல கேள்வி, பலர் கவனிப்பதில்லை. ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் இந்த கவுன்டிஃப் ஃபார்முலா, டெக்ஸ்டாக இருந்தாலும் இலக்கம் மாதிரித் தெரிந்தால் எண்ணாக்கித்தான் ஒப்பிடும். அங்கேயும் அதே 15 இலக்க எல்லை. ஒரே கிளையில் அடுத்தடுத்துக் கணக்கு தொடங்கிய மாமியாருக்கும் மருமகளுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறாக இருக்கும், இரண்டையும் ஒன்று என்றே சொல்லும். தேடும் மதிப்போடு நட்சத்திரக் குறியை ஒட்டிக் கொடுத்தால் எழுத்தாகவே ஒப்பிடும், பிரச்சினை தீரும்.

ஆதார் எண் 4.57ஈ+11 என்று வருகிறது. அதுவும் போய்விட்டதா?

போகவில்லை. ஆதார் 12 இலக்கம், 15க்குள் அடங்கும். 'ஜெனரல்' ஃபார்மேட்டில் 12 இலக்கத்திலிருந்து இப்படிச் சுருக்கிக் காட்டும், உள்ளே முழு எண் இருக்கும். ஆனால் அந்த நிலையிலேயே மறுபடி சிஎஸ்வியாக சேவ் செய்தால் போச்சு. சிஎஸ்வியில் எழுதப்படுவது உள்ளே இருப்பது அல்ல, திரையில் தெரிவது.

இன்னொன்று: இலைக் கணக்குப் பட்டியலில் ஆதார் எண்ணுக்கு என்ன வேலை? தேவையில்லாவிட்டால் அந்த நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும் கோப்பு அது.

போன் எண்ணில் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போகிறதே?

எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை எக்செல் மறக்கவில்லை. ஊட்டி, குன்னூரின் 0423 வெறும் 423 ஆகும், கோத்தகிரியின் 04266 வெறும் 4266 ஆகும், கூடலூரின் 04262வுக்கும் அதே கதி. கோடும் எண்ணும் சேர்த்து எழுதிய லேண்ட்லைன் 11 இலக்கம், பூஜ்யம் போனால் 10. பார்த்தால் செல்போன் எண் மாதிரியே இருக்கும். 4இல் தொடங்கும் செல்போன் எண் நம் நாட்டில் கிடையாது என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எஸ்டிடி கோடுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு ஹைஃபன் (-) போட்டு எழுதியிருந்தால் தப்பிக்கும்.

முன்னால் பிளஸ் 91 போட்டு இடைவெளி விடாமல் எழுதிய செல்போன் எண்ணில் பிளஸ் போய்விடும், மிச்சம் 12 இலக்க எண்ணாகிச் சுருங்கும்.

எங்கள் பட்டியலில் ஒரு தடத்தின் குறியீடு மட்டும் கெடுகிறது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.

அந்தத் தடத்தின் பெயர் ஆங்கில ஈயா? இலை வண்டி போகும் தடங்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று பெயர் வைத்து, ஊர் எண், தடம், ஆள் எண் என்று குறியீடு போட்டிருப்பார்கள். 12பி4 அப்படியே இருக்கும். 12ஈ4 என்பதை 12ஐத் தொடர்ந்து நான்கு பூஜ்யம், அதாவது 1,20,000 என்று படித்துவிடும். விஞ்ஞானிகள் பெரிய எண்களைச் சுருக்கி எழுதும் முறை அது. புதிதாகக் குறியீடு போடுகிறீர்கள் என்றால் எழுத்தை முன்னால் போடுங்கள், ஈ12-4 என்று இருந்தால் தொல்லையில்லை. வங்கிகளின் ஐஎஃப்எஸ்சி கோடு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம், முதல் நான்கும் எழுத்து.

கதவு எண்ணில் '12 ஏ' என்று ஆங்கில ஏயை இடைவெளி விட்டு எழுதினால் நள்ளிரவு 12 மணி ஆகும். '5 பி' என்றால் ஒன்றும் ஆகாது, '5 பீ' என்றால், அதாவது ஆங்கில வரிசையின் 16ஆவது எழுத்து என்றால், மாலை 5 மணி. தேயிலை ரகப் பெயர்களான உபாசி-9, சிஆர்-6017 எல்லாம் நல்லவேளையாகத் தப்பிவிடும்.

சரி, எக்செல்லில் எப்படித்தான் திறப்பது?

டபுள் கிளிக் செய்யாமல். முதலில் ஒரு காலி எக்செல் ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். மேலே 'டேட்டா' போய், 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முன்னோட்டம் வரும். அதன் தலையில் மூன்று பெட்டிகள். முதலாவது 'ஃபைல் ஒரிஜின்', அதில் '65001: யூனிகோட் யூடிஎஃப்-8' இருக்க வேண்டும், தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். இரண்டாவது 'டிலிமிட்டர்', கமாவா, டேபா, செமிகோலனா என்பது. மூன்றாவதுதான் நம் ஆள்: 'டேட்டா டைப் டிடெக்ஷன்'. முதலில் அது 'முதல் 200 வரிகளை வைத்து' என்றுதான் இருக்கும். அதை 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்று மாற்றுங்கள். மாற்றிய கையோடு முன்னோட்டத்தில் 3/2, 04266 எல்லாம் உயிர்பெற்று வருவதைப் பார்க்கலாம்.

அந்த 200 வரி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் 200 பேரின் குறியீடும் வெறும் இலக்கமாக இருந்து, 201ஆவது ஆளுக்கு 45ஏ என்று இருந்தால், அந்தக் கட்டத்தில் 'எரர்' வரும், ஷீட்டில் காலியாக இறங்கும். முன்னோட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது என்பார்கள்.

இப்போது 'லோட்' அழுத்தினால் முடிந்தது. ஆனால் ஒரு சிக்கல் வரலாம்: கண்டுபிடிக்காதே என்று சொன்னதும் தலைப்பு வரியையும் அது சாதாரண வரியாக எடுத்துக்கொண்டு, மேலே 'காலம்1, காலம்2' என்று தன் பெயரைப் போட்டுவிடும். அதைச் சரிசெய்ய 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்தி, 'யூஸ் ஃபர்ஸ்ட் ரோ அஸ் ஹெட்டர்ஸ்' கொடுப்போம். கொடுத்ததும் வலப்பக்கம் செய்த வேலைகளின் பட்டியலைப் பாருங்கள். 'சேஞ்ச்டு டைப்' என்று ஒன்று கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கும். வாசல் வழியாகத் துரத்தியது கொல்லை வழியாக வந்துவிட்டது. அதன் பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, 'குளோஸ் அண்ட் லோட்'.

என்னுடையது பழைய எக்செல். அந்தப் பெட்டியெல்லாம் வரவில்லை.

2010, 2013இல் 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' என்றுதான் இருக்கும். மூன்று படியாகக் கேள்வி கேட்கும். மூன்றாவது படியில், கீழே தெரியும் முதல் நெடுவரிசையைச் சொடுக்கி, கடைசி வரை நகர்த்திப் போய், ஷிஃப்டை அழுத்தியபடி கடைசியையும் சொடுக்கினால் எல்லாமே தேர்வாகும். 'டெக்ஸ்ட்' கொடுங்கள், முடிந்தது. எனக்கு இந்தப் பழைய முறைதான் பிடிக்கும், ஒளிவுமறைவு இல்லாதது. புதிய எக்செல்லிலும் 'ஆப்ஷன்ஸ்' போய் 'டேட்டா' பகுதியில் பழைய இம்போர்ட் விஸார்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு டிக் இருக்கிறது. ஒரே குறை, ஒரு கட்டத்துக்குள்ளேயே என்டர் தட்டி இரண்டு வரியாக முகவரி எழுதியிருந்தால் இது உடைத்துவிடும். அந்தக் கோப்புக்குப் புதிய முறைதான் சரி.

எக்செல்லே இல்லை. லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ்?

லிப்ரே ஆபீஸ் இலவசம், இந்த ஒரு வேலைக்கு எக்செல்லைவிட மேல் என்பேன். காரணம், டபுள் கிளிக் செய்தாலும் கேட்காமல் திறக்காது, முதலில் ஒரு பெட்டியைக் காட்டும். 'கேரக்டர் செட்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று வையுங்கள். கீழே முன்னோட்டத்தில் வேண்டிய நெடுவரிசையின் தலையைச் சொடுக்கி, 'காலம் டைப்' என்ற இடத்தில் 'டெக்ஸ்ட்' கொடுங்கள். அவசரத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் ஓகே அழுத்தினால் 04266 அங்கேயும் 4266தான்.

கூகுள் ஷீட்ஸில் 'ஃபைல்', 'இம்போர்ட்' வழியாகப் போங்கள். 'கன்வர்ட் டெக்ஸ்ட் டு நம்பர்ஸ், டேட்ஸ் அண்ட் ஃபார்முலாஸ்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். டிரைவில் கிடக்கும் சிஎஸ்வியை நேரே ஷீட்ஸில் திற என்று சொன்னால் இந்தக் கேள்வி வராது.

எல்லாம் டெக்ஸ்டாக வந்துவிட்டது. இப்போது எடையைக் கூட்டினால் மொத்தம் 0 என்கிறது.

சரிதான், எழுத்தைக் கூட்ட முடியாதே. எடை, தொகை நெடுவரிசைகளை மட்டும் எண்ணாக்குங்கள். புதிய முறையில் கொண்டுவந்தவர்கள், 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' திரையில் தலைப்புக்கு இடப்பக்கம் இருக்கும் 'ஏபிசி' சின்னத்தை அழுத்தி 'டெசிமல் நம்பர்' கொடுக்கலாம். ஷீட்டுக்கு வந்த பிறகு என்றால், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் நேரே 'ஃபினிஷ்' அழுத்தினால் போதும். மற்றதைத் தொடாதீர்கள்.

ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் வீலுக்கப் ஃபார்முலா வேலை செய்யவில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு ஷீட்டில் குறியீடு டெக்ஸ்ட், இன்னொன்றில் எண். கண்ணுக்கு ஒன்று, எக்செல்லுக்கு வேறு. இரண்டையும் டெக்ஸ்டாக்குங்கள்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோணல்மாணலாக வருகின்றன. ஃபான்ட் போட வேண்டுமா?

ஃபான்ட் வேண்டாம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர் முத்திரை, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் கோப்பு நன்றாக இருக்கிறது, திறந்த விதம்தான் தப்பு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஆங்கில எழுத்தாகப் படித்தால் இந்தக் கோலம் வரும். 65001 என்று சொல்லித் திறந்தால் 'கூக்கல்தொரை' கூக்கல்தொரையாகவே வரும். டபுள் கிளிக்கில் சில கோப்புகளில் மட்டும் தமிழ் சரியாக வருவதற்குக் காரணம், அவற்றின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருப்பதுதான். எக்செல்லில் சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் குறியோடு சேவ் ஆகும்.

வெறும் 'சிஎஸ்வி' என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்து, பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டால் மீட்க வழியில்லை. அங்கே எழுத்தே இல்லை.

எஸ்டேட் மழைக் கணக்கில் பாதி நாட்கள் வேறு மாதத்தில் போய் நிற்கின்றன.

கம்ப்யூட்டரின் 'ரீஜன்' அமைப்பைப் பாருங்கள், அமெரிக்கா என்று இருக்கும். விண்டோஸ் போட்டுக்கொடுத்தவர் மாற்றாமல் விட்டிருப்பார். நாம் நாள், மாதம் என்று எழுதுவோம், அவர்கள் மாதம், நாள்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழை நினைவிருக்கும். அந்த மாதக் கணக்கு ஒன்று என்னிடம் வந்தது. 01/08/2019 ஜனவரி 8 ஆகியிருந்தது. 02/08 பிப்ரவரி 8. இப்படி ஆகஸ்டின் முதல் 12 நாள் மழையும் மாதத்துக்கு ஒரு நாளாக ஜனவரி முதல் டிசம்பர் வரை பங்கு போடப்பட்டிருந்தது. 08/08 மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் தன் இடத்தில் நின்றது. 9ஆம் தேதி மழை செப்டம்பர் 8க்குப் போய்விட்டது. 13ஆம் தேதியிலிருந்து எல்லாம் எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன, 13ஆம் மாதம் கிடையாதல்லவா. வரைபடம் போட்டால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அடைமழை.

தேதி நெடுவரிசையையும் டெக்ஸ்டாகவே கொண்டுவந்து, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' திரையில் 'யூசிங் லோகேல்' வழியாக 'இங்கிலீஷ் இந்தியா' என்று சொல்லித் தேதியாக்குங்கள். புதிதாக எழுதுபவர்கள் 2019-08-09 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் எந்த ஊர் அமைப்பிலும் குழப்பமில்லை.

முகவரியில் கமா இருந்தால்?

அந்தக் கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகவரி நான்கு கட்டமாகப் பிரிந்து எடை போன் எண் இடத்துக்குப் போகும். மேற்கோள் போட்டால் எண் மாறாது என்று சிலர் நினைக்கிறார்கள். கமாவை மட்டும்தான் அது காக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் 3/2வும் எக்செல்லில் பிப்ரவரி 3தான்.

இந்த மாற்றும் பழக்கத்தையே எக்செல்லில் நிறுத்தி வைக்க முடியாதா?

ஓரளவுக்கு. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. மரபணு ஆராய்ச்சியில் மார்ச்1, செப்ட்1 என்று ஆங்கிலப் பெயர் கொண்ட மரபணுக்கள் இருந்தன, எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செல்லில் நிறுத்தும் வசதி வந்தது 2023இல்.

'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டேட்டா' போனால் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' என்று இருக்கும், புதிய 365 பதிப்பில். முன் பூஜ்யம், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண், ஈ எழுத்து, மாதப் பெயரும் இலக்கமும் ஒட்டி வருவது, நான்கையும் தனித்தனியாக நிறுத்தலாம். நிறுத்திவையுங்கள், நல்லதுதான். ஆனால் நம் சர்வே எண்ணுக்கு அதனால் பயனில்லை. ஜேன்1 மாதிரி எழுத்து வருவதைத்தான் அது தடுக்கும், 3/2வை விட்டுவிடும். மரபணுக்காரர்களுக்குக் கிடைத்தது பட்டாக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

சேவ் செய்தாகிவிட்டது, மூலக் கோப்பும் இல்லை. மீட்கலாமா?

எது போனது என்பதைப் பொறுத்து. 0423இல் பூஜ்யம் போனதை நாமே சேர்த்துவிடலாம். 16ஆவது இலக்கம் போனதை யாராலும் சொல்ல முடியாது, அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பதுதான் வழி. 12ஈ4 போய் 120000 ஆனது 12ஈ4ஆ, 120ஈ3ஆ என்று தெரியாது.

தேதியானது எக்செல் கோப்பாக இருந்தால் ஓரளவு மீட்கலாம். பக்கத்து நெடுவரிசையில் 'டெக்ஸ்ட்' ஃபார்முலா போட்டு, நாள்/மாதம் என்ற வடிவம் கேளுங்கள், அதற்கு ஆங்கிலத்தில் "டி/எம்" என்று கொடுக்க வேண்டும். 03-பிப் மறுபடி 3/2 ஆகும். 1998 மாதிரி அந்நிய ஆண்டு வந்த வரிகளுக்கு மாதம்/ஆண்டு வடிவம். ஆனால் முதலில் இருந்தது 3/2வா, 3-2வா, 03/02வா என்பது இனித் தெரியாது. மூன்றும் ஒரே தேதிதான் ஆகியிருக்கும். சர்வே எண் என்றால் சிட்டாவோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், நில விஷயம்.

பெரிய கோப்பு, கடைசி வரிகள் காணவில்லை.

எக்செல்லின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் ஷீட் ஒன்றில் 10,48,576 வரி கொள்ளும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536 மட்டும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போனதற்கு இந்தப் பழைய வடிவம்தான் காரணம். நம் ஊர் இலைக் கணக்கு அவ்வளவு தூரம் போகாது.

நான் மற்றவர்களுக்குக் கோப்பு அனுப்பும்போது கெடாமல் இருக்க என்ன செய்ய? எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போடலாமா?

எக்செல்லில் கையால் தட்டும்போது அந்த ஒற்றை மேற்கோள் வேலை செய்யும். சிஎஸ்வியில் போட்டால் அந்தக் குறியே கட்டத்தில் தெரியும், பிறகு அதை நீக்க இன்னொரு வேலை. சமக்குறி போட்டு மேற்கோளுக்குள் எண்ணை வைக்கும் வித்தையும் உண்டு, எக்செல்லில் சரியாக வரும், வங்கியின் மென்பொருளில் குப்பையாக வரும். படிக்கப் போவது மனிதர் என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகவே அனுப்புங்கள், டெக்ஸ்ட் டெக்ஸ்டாகவே போய்ச் சேரும். மென்பொருள் படிக்கப் போகிறது என்றால் சிஎஸ்வியைச் சுத்தமாக விடுங்கள், அனுப்பும் முன் எக்செல்லில் இல்லாமல் நோட்பேடில் திறந்து ஒரு பார்வை பாருங்கள்.

அண்ணா, வாட்ஸ்அப்பில் வந்ததைப் போனிலேயே திறந்து ஒரே ஒரு எடையை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். போன் ஆப் இந்தக் கேள்விகள் எதையும் கேட்காமல் திறந்து, எல்லாவற்றையும் மாற்றி, தானாகவே சேவ் செய்திருக்கும். எடை சரியாகியிருக்கும், சர்வே எண் பிப்ரவரிக்குப் போயிருக்கும். வாட்ஸ்அப்பில் முதலில் வந்த அந்தச் செய்தியை அழித்துவிட்டீர்களா? அழிக்கவில்லை என்றால் அதை மறுபடி எனக்கு ஃபார்வேர்டு செய்யுங்கள். எந்த ஆள், எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லுங்கள், நான் மாற்றித் தருகிறேன்.